ஒன்பது பேருக்காக அழுதவள்

ஊழியர்கள் தினமும் காட்டில் நடந்து மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்று கோவை கம்பெனிகள் கட்டாயமாக்கின. மனநிலையை அளக்கக் கையில் ஒரு பட்டையும் கட்டிவிட்டன. பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனைத் தட்டை நீட்டியே பழகிய ஜனங்கள், பட்டையைக் கழற்றித் தமயந்தியிடம் நீட்டிவிட்டார்கள். முழங்கைவரை ஒன்பது பட்டைகளோடு அவள்தான் ஆனைகட்டிக் காட்டில் கூலிக்கு நடந்தாள்.

அன்று ஓடைக்கரையில் நடக்கும்போது போன் வந்தது. கேட்டதும் அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

சற்று நேரத்தில், அவளைக் கூலிக்கு நடக்க அமர்த்திய ஏஜென்சிக்காரர் சென்னியப்பன் போனில் கூப்பிட்டார்.

"ஏனுங்கக்கா, இங்க கம்ப்யூட்டர்ல ஒம்பது பட்டையும் செவப்பா எரியுது?"

"எங்கம்மா தவறிட்டாங்க தம்பி. ஊருக்குப் போகோணும்."

"அடடா! அதான் ஒம்பது பேருக்கும் கம்பெனியில துக்க லீவு குடுத்துட்டாங்க. எல்லாரும் ஊட்டிக்குக் கெளம்பிட்டாங்க."

"எனக்கு லீவு?"

"தாராளமா போங்கக்கா. பட்டையை மட்டும் கழட்டிராதீங்க. எழவு வீட்டுல நல்லா அழுதீங்கன்னா, அவங்களுக்கு இன்னும் ரெண்டு நாள் நீளும்."

அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்த தமயந்திக்கு அழுகையே வரவில்லை. ஊட்டியிலிருந்து போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.