பனிக்குள் போன பந்து

"வழி விடுங்கப்பா, உத்தமர் வர்றார்!"

பஸ் டிப்போ கேன்டீனே சிரித்தது. டயர் பிரிவுக்காரன் குனிந்த தலை நிமிராமல் டீயை வாங்கிக்கொண்டு மூலை பெஞ்சுக்குப் போனான். அங்கே உட்கார்ந்திருந்த ரெண்டு பேரும் எழுந்து வேறு பெஞ்சுக்கு மாறினார்கள்.

போன மாசம் வரை இதே ஆளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவர்கள்தான். டிப்போ கால்பந்து அணியின் கோல்கீப்பர் அவன். கைக்கு வந்த பந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் 'பசை' என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள்.

சுவரோர அலமாரியில் கோப்பை இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம். சுற்றிலும் தூசி. எத்தனையோ வருஷமாக இந்த அலமாரியை விட்டு இறங்காத கோப்பை இப்போது தபால் ஆபீஸில் இருக்கிறது. தபால் ஆபீஸில்! வயிறு எரியாதா?

"நம்ம ராஜ்ஜியம் முடிஞ்சுபோச்சுப்பா," என்றார் டிக்கெட் செக்கர். "இனிமே யார் வேணா நம்மள அடிப்பாங்க."

"அதுவா எங்க முடிஞ்சுது? முடிச்சு வெச்சுட்டாங்க," என்றான் பெயின்டர், மூலையைப் பார்த்தபடி.

நடந்தது இதுதான்.

இறுதி ஆட்டத்தன்று காலையில் அப்படி ஒரு பனி. மைதானம் மேகத்துக்குள் குடிபோய்விட்ட மாதிரி இருந்தது. ஆட்கள் திடீரென்று முளைத்தார்கள், அப்படியே கரைந்தார்கள். உதைக்கிற சத்தம் ஒரு பக்கம் கேட்டது, பந்து இன்னொரு பக்கம் வந்தது. பார்க்க வந்தவர்கள் தூக்கம் கலையாதவர்கள் போல வெள்ளையைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

ரெண்டு அணிக்கும் ஆளுக்கு ஒரு கோல். ஆட்டம் முடிகிற நேரம். இப்படியே முடிந்தால் கூடுதலாக அரை மணி ஆட வேண்டும். அந்த அரை மணியில் டிப்போக்காரர்கள் யாரையும் விட்டுவைத்ததில்லை.

அப்போதுதான் ஒரு தபால்காரர் குத்துமதிப்பாக ஒரு உதை விட்டார். பந்து பனிக்குள் போனது. தபால் போய்ச் சேர்ந்ததா என்று போட்டவருக்கே தெரியவில்லை.

நடுவர் ஓடி வந்து, "உள்ள போச்சா?" என்று கேட்டார்.

கோல் கம்பத்துப் பக்கமிருந்து பசையின் குரல் மட்டும் வந்தது.

"போச்சு சார். உள்ளேயிருந்துதான் எடுத்தேன்."

அவ்வளவுதான். விசில்.

"தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ல?" பெயின்டர் இப்போது எழுந்தே விட்டான். "நீ நல்லவன்னு பேர் வாங்க எங்க எல்லார் வயித்துலயும் அடிச்சுட்டியே! உங்க மாமா முகத்தையாவது நெனச்சுப் பாத்தியா?"

மாமா என்றால் அணியின் கேப்டன். டிப்போவில் வெல்டர். பசையின் அக்கா புருஷன். 'தோக்கற அன்னைக்குத்தான் பூட்ஸைக் கழட்டுவேன்' என்று வருஷா வருஷம் மார் தட்டியவர். சொன்னபடி அன்றைக்கே கழற்றினார். அதற்குப் பிறகு வேலைக்கும் வரவில்லை. கேட்டால் வீட்டில் காய்ச்சல் என்றார்கள். அவமானத்தில் படுத்துவிட்டார் என்று டிப்போவில் பேச்சு.

பசையின் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அவனை விடுங்கடா."

வாசலில் கேப்டன். ஆள் பாதியாக இளைத்திருந்தார். இன்றைக்கு மச்சானுக்கு மண்டகப்படிதான் என்று பெயின்டர் சந்தோஷமாக ஒதுங்கி வழிவிட்டான்.

"பந்து உள்ளதான் போச்சு," என்றார் கேப்டன். "கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நான் பக்கத்துலயே நின்னேன். என் கண்ணால பார்த்தேன். இனிமே எவனாவது இவனைச் சொன்னா, என்னைச் சொன்ன மாதிரி."

கேப்டனே சொன்ன பிறகு என்ன பேச்சு? பெயின்டர் தலையைச் சொறிந்தான். செக்கர் சூடாக ஒரு டீ வாங்கி வந்து பசையின் முன்னால் வைத்தார்.

"அப்ப நம்ம ராஜ்ஜியம் முடிஞ்சுதா கேப்டன்?"

"முடிஞ்சா முடிஞ்சுட்டுப் போகுது. எத்தனை நாளைக்குத்தான் நாமளே தூக்கிட்டு ஓடுறது?"

பசை டீயைத் தொடவில்லை. மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு டயர் கொட்டகையில் ரெண்டு பேரும் தனியாக இருந்தார்கள். வெளியே இன்றைக்கும் பனி. பஸ்கள் முதலில் வெறும் வெளிச்சமாக மிதந்து வந்து, பக்கத்தில் வந்த பிறகுதான் பஸ் ஆயின. கேப்டன் ஒரு பழைய டயர் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"ஏன் மாமா பொய் சொன்னீங்க?"

"நீ சொன்னதுக்கு என்ன பேரு மாப்ள? பந்து உன் கையிலதான்டா இருந்துச்சு. கோட்டுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம்."

பசைக்குக் கண் கலங்கிவிட்டது.

"பந்தைப் பிடிச்சப்பதான் உங்க மூச்சுச் சத்தம் கேட்டுச்சு மாமா. திரும்பிப் பார்த்தா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க. இன்னும் அரை மணி ஓடுவீங்க. போதும்னு சொன்னா கேட்கிற ஆளா நீங்க? தோத்தாத்தானே நிறுத்துவீங்க. எனக்கு அக்கா முகம்தான் தெரிஞ்சுது."

"டாக்டரும் அதையேதான் சொன்னார். அந்த அரை மணி ஓடியிருந்தா ஆள் மிஞ்சியிருக்க மாட்டேன்னு."

கேப்டன் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. நீ 'போச்சு'ன்னு சொன்னதும், 'பொய், போகல'ன்னு கத்தத்தான் நான் வாயைத் திறந்தேன். நல்லவேளை மாப்ள, மூச்சு வரல."