பொட்டுக்கு அடியில் எரிந்த விளக்கு

ஆயுதபூசையன்று காரின் டேஷ்போர்டில் சந்தனமும் குங்குமமும் வைப்பது வழக்கம். பாளையங்கோட்டை வாடகைக்கார் ஓட்டுநர்கள் இப்போது வாரந்தோறும் வைக்கிறார்கள், ஒரே இடத்தில், கனமாக. இப்போதைய வாடகைக்கார்களில் ஆயில், பிரேக் விளக்குகளுக்குப் பக்கத்தில் ஓட்டுநரின் இதயத்துக்கும் ஒரு விளக்கு உண்டு. அது சிவந்தால் ஓரங்கட்ட வேண்டும். நிறுத்திவிட்டால் அந்த ஆளுக்கு எந்த வாடகைக்காரும் மறுபடி கிளம்பாது. அதனால் யாரும் நிறுத்துவதில்லை.

காலையில் மனைவி வடிவைக் கடையில் இறக்கிவிடப் போன ஓட்டுநர் ஆவுடையப்பனுக்கு வியர்த்துக் கொட்டியது. வடிவு முந்தானையால் டேஷ்போர்டுப் பொட்டை அழுத்தித் துடைத்தாள். அடியில் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"ஏட்டி, சாமி பொட்டை அழிக்கியே!"

"சாமி கோவிச்சா நான் பேசிக்கிடுதேன். ஆயில் லைட் எரிஞ்சா என்ன செய்வீய?"

"உடனே ஓரங்கட்டி அணைப்பேன். இல்லைன்னா எஞ்சின் போயிரும்."

"எஞ்சினைன்னா மாத்திரலாம். உங்கள எங்க போய் மாத்த? நிறுத்துங்க."

"நிறுத்துனா நாளைக்கு யாருட்டி ஓட்டுவா?"

"கல்யாணத்துக்கு முன்னால ஸ்கூல் வேன் ஓட்டுனது யாரு? நிறுத்துங்கன்னு சொல்லுதேன்லா."

அவர் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி ஓரங்கட்டி அணைத்தார். ஆசை விடாமல் ஸ்டார்ட் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். கார் கிளம்பவில்லை.

வடிவு அவரைப் பக்கத்து இருக்கைக்கு மாற்றிவிட்டு, சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்குக் கார் உடனே கிளம்பியது.

"ஆஸ்பத்திரிக்கு இடது பக்கம் திரும்பணும். இண்டிகேட்டர் போட்டியா?" என்றார் அவர், கண் சொருக.

"போடலை. திட்டுங்க. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் திட்டிக்கிட்டே வாங்க."