இடப்பக்கக் கீறல்

காலையில் தன் துணையை வல்லூறு தூக்கிக்கொண்டு போனதிலிருந்து அந்தப் பெண் தேன்சிட்டு ஒரு துளி தேனும் அருந்தவில்லை. கூட்டில் இரண்டு குஞ்சுகள் பசியில் கத்தின. இரை தேடிப் பறக்க அதன் இறக்கைகளில் வலுவில்லை. உச்சிவேளையில் எப்படியோ செம்பருத்திச் செடிவரை வந்து, ஒரு கிளையில் ஒடுங்கி அமர்ந்தது.

"இங்கே ஏன் உட்கார்ந்தாய், அக்கா?" என்றது அருகிலிருந்த பூ. "நான் அடியில் கிழிந்து கிடக்கிறேன். வேலியோரம் நல்ல பூக்கள் இருக்கின்றன, அங்கே போ."

"புழு அரித்ததா?"

"புழுவா! எல்லாம் உன் வீட்டுக்காரர் செய்த வேலை. விடிந்ததும் வந்தார். வாசல் திறந்துதான் இருந்தது. அவருக்குப் பொறுமை ஏது? திருடன் மாதிரிச் சுவரில் கன்னம் வைத்துவிட்டார்."

தேன்சிட்டு குனிந்து பார்த்தது. காம்புக்குச் சற்று மேலே, எப்போதும் போல் இடப்பக்கம் சாய்ந்த கீறல். இந்தத் திருட்டுப் பழக்கத்துக்காகத் துணையை அது எத்தனையோ முறை கடிந்திருக்கிறது. இப்போது அந்தக் கீறலின் விளிம்பு வெயிலில் காய்ந்து கருஞ்சிவப்பாகச் சுருண்டிருந்தது. அந்தச் செடியில் அதைவிட அழகான பூ வேறொன்றும் அதன் கண்ணுக்குத் தெரியவில்லை.

"அப்படிப் பார்க்காதே, அக்கா. பொழுது சாய்ந்தால் நான் வாடிவிடுவேன்."

"பொழுது சாய இன்னும் நேரமிருக்கிறது" என்றது தேன்சிட்டு.

பிறகு அந்தக் கீறலின் வழியாகவே அலகை நுழைத்தது. உள்ளே தேன் புதிதாக ஊறியிருந்தது. அதைக் குடித்துவிட்டு, குஞ்சுகளுக்குச் சிலந்தி தேடப் புறப்பட்டது.