போடாத கையெழுத்து

"கையெழுத்து போடலன்னா என்ன மக்சிக், அஞ்சு மாசம் படம் ஓடியிருக்குல்ல?" என்று மலாயில் அத்தை முறை சொல்லிக் கேட்டான் ஷுக்ரி.

"ஒப்பந்தத்துல என் கையெழுத்து இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லு தம்பி" என்றாள் மக் சோம்.

மலேசியாவின் கோத்தா பாருவில் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தின் சின்ன அறை அது. அங்கே வக்கீல்களுக்கு இடமில்லை. புகார் கொடுத்தவரும் கம்பெனி ஆளும் எதிரெதிரே உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியதுதான். தொலைக்காட்சிக் கம்பெனி சார்பில் வந்திருந்த ஷுக்ரி வாய்ச்சொல்லில் கெட்டிக்காரன், அந்த அறையில் இதுவரை தோற்றதில்லை. மக் சோமோ கம்பத்துக்காரி, கிராமத்துச் சந்தையில் பலகாரம் விற்கிறவள். வந்ததிலிருந்து ஒரே கேள்வியில் உடும்பாய்ப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஜொகூரில் வேலை பார்த்த மகன் போனிலேயே அம்மா பேருக்கு இணைப்பு வாங்கிக் கொடுத்து, மாதா மாதம் பணமும் கட்டி வந்தான். அவனுக்கு வேலை போனது. மக் சோம் இணைப்பை நிறுத்தச் சொன்னாள். இரண்டு வருஷ ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்ததற்கு எண்ணூறு ரிங்கிட் அபராதம் என்று கம்பெனி கடிதம் போட்டது. மழைக்காலத்துக்குள் ஒழுகும் கூரையை மாற்ற அவள் சேர்த்து வைத்திருந்ததே அவ்வளவுதான். அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் இந்த வருஷ மழையும் வீடெங்கும் சட்டி பானை பரப்பித்தான் கழியும்.

கையெழுத்து இல்லாவிட்டால் போகட்டும், சேவையை ஏற்றுக்கொண்டதாக அவள் வாயாலேயே வரவழைத்துவிடலாம் என்று ஷுக்ரி கணக்குப் போட்டான். டிஷ் மாட்டிய ரொஸ்டியின் வாக்குமூலத்தை எடுத்துப் படித்தான். அது நோன்பு மாதம். ரொஸ்டி கம்பத்துக்குள் நுழையவும் பாங்கு ஒலிக்கவும் சரியாக இருந்திருக்கிறது. வாசலில் நின்றவனை யார், எவர் என்றுகூடக் கேட்காமல் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து நோன்பு திறக்க வைத்திருக்கிறார்கள். வயிறு நிறைந்த சுகத்தில், இருட்டுகிறதே என்ற அவசரத்தில் டிஷ்ஷை மாட்டியவன், கையெழுத்து வாங்க மறந்துவிட்டான்.

"ரொஸ்டி நல்லா சாப்பிட்டான்ல?" என்று கேட்டான் ஷுக்ரி.

"ரெண்டு தட்டு சாப்பிட்டானாம்."

"படம் தெளிவா தெரிஞ்சுதா?"

"குறை சொல்லக் கூடாது. கண்ணாடி மாதிரி இருக்குன்னுதான் சொன்னாங்க."

எதையும் நேராகச் சொல்லமாட்டாள் போலிருக்கிறதே என்று ஷுக்ரி அலுத்துக்கொண்டான்.

தீர்ப்பாயத் தலைவர் நோரிசான் அம்மையார், எல்லாருக்கும் 'புவான்', மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வேண்டாம் என்றால் அன்றைக்கே கம்பெனியைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டார்.

"சொல்லியிருக்கலாம் புவான். நோன்பு திறக்க உக்காந்த வீட்டுல வேலையும் முடிச்சுட்டுச் சந்தோஷமாப் போன பையன். அவன் மேல குத்தம் சொல்ல மனசு வரல. ஆனா ரெண்டு வருஷக் கணக்கை யாரும் எங்கிட்டச் சொல்லல, காகிதத்தையும் நீட்டல. நீட்டியிருந்தா படிச்சிருப்பேன். படிச்சிருந்தா போட்டிருக்கமாட்டேன்."

பின் வரிசையில் இருந்து ஒரு விசும்பல் கேட்டது. மக் சோமுக்குத் துணையாக வந்த பக்கத்து வீட்டு ரொஹானி அவள். கடலில் அடிபட்டு இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடக்கும் புருஷனை அக்கம்பக்கத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தவள், காலையிலிருந்து முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தபடியே இருந்தாள். வழக்கு யாருக்கு, அழுகை யாருக்கு என்று ஷுக்ரிக்குச் சிரிப்புகூட வந்தது.

அவனிடம் இன்னும் ஒரு அம்பு பாக்கி இருந்தது. ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் மக் சோமின் முன்னால் நகர்த்தினான்.

"எல்லாத் தப்பும் ரொஸ்டி மேலதான்னு எழுதிக் கையெழுத்து போடுங்க மக்சிக். அபராதத்தை இப்பவே ரத்து பண்ணிடறோம். அவன் சம்பளத்துல பிடிச்சுக்குவோம்."

மக் சோம் பேனாவைத் தொடவில்லை. எண்ணூறு ரிங்கிட்டும் புதுக் கூரையும் அந்தத் தாளில்தான் இருந்தன. தாளை அப்படியே அவன் பக்கம் திருப்பித் தள்ளினாள்.

"அந்தக் காகிதத்துலயும் என் கையெழுத்து வராது தம்பி."

ஷுக்ரி தாளை எடுத்து மடித்தான். எத்தனையோ பேரை எதிர்த்து வாதாடியிருக்கிறான். இப்படி ஒரு மனுஷியைப் பார்த்ததில்லை. தன் அம்மா இங்கே இருந்திருந்தால் எழுந்துபோய் இவளைக் கட்டிக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது.

கையெழுத்தில்லாத ஒப்பந்தம் மக் சோமைக் கட்டுப்படுத்தாது, அபராதம் செல்லாது, கம்பெனி தன் சாமான்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று புவான் நோரிசான் தீர்ப்பு சொன்னார். ரொஹானி இப்போது வாய்விட்டே அழுதாள்.

ஷுக்ரி வராந்தாவில் மக் சோமைத் தேடிப் பிடித்தான்.

"தோத்ததுல எனக்கு வருத்தமே இல்ல மக்சிக். உங்களை மாதிரி ஒருத்தர்கிட்டத் தோக்கணும். நாளைக்கு ஆளுங்க வருவாங்க, உங்க கூரையில இருக்கிற டிஷ்ஷைக் கழட்டிக்குவாங்க."

ரொஹானி படியிறங்கிப் போகும்வரை மக் சோம் காத்திருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"என் கூரையில யாரையும் ஏத்தாதீங்க தம்பி, தாங்காது. உங்க ரொஸ்டி வீடு மாறி ரொஹானி வீட்டுல நோன்பு திறந்து, சாப்பிட்ட வீட்டுலயே மாட்டிட்டுப் போயிட்டான். அவ புருஷன் பல மாசத்துக்கு அப்புறம் சிரிச்சதைப் பாத்து, உனக்காகத்தான் போடச் சொன்னேன்னு நானும் அவன்கிட்டச் சொல்லிட்டேன். மகன் அனுப்பறேன்னு சொன்ன டிவி வரவே இல்ல, எங்க வீட்டுல டிவியே கிடையாது."