கொசுப்புழு ஆராய்ச்சி

"பையனுக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு. ஒரே ஒரு விஷயம்தான்" என்று மூன்றாவது பஜ்ஜியை எடுத்தார் மாப்பிள்ளையின் அப்பா சந்திரசேகரன். "கல்யாணத்துக்கு முன்னாடி அந்த பிஎச்.டி.யை நிறுத்திடணும்."

"பொதுச் சுகாதாரம் நல்ல படிப்புதானே அங்கிள்?" என்றாள் லாவண்யா.

"படிப்பு நல்லதுதாம்மா. ஆனா மர்பி டவுன்ல வீடு வீடாப் போய், தண்ணி டிரம்மைத் திறந்து கொசுப்புழு தேடறதெல்லாம் நம்ம அந்தஸ்துக்கு ஒத்து வருமா? சொந்தக்காரங்க சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கட்டும். நிறுத்த முடியாது."

அம்மா மங்களம் பதறிப்போனாள். "லாவண்யா, நல்ல இடம்டி. நிறுத்திட்டாப் போச்சு, விடு."

மாப்பிள்ளை ஹரிஷ்குமார் பரிதாபமாக லாவண்யாவைப் பார்த்தான். அவளுக்கும் அவனைப் பிடித்துத்தான் இருந்தது.

"அப்போ இந்தச் சம்பந்தம் வேண்டாமா?" என்றார் சந்திரசேகரன்.

"வேண்டாம் அங்கிள். பஜ்ஜியைச் சாப்பிட்டுட்டே கிளம்புங்க."

லாவண்யா ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினாள்.

"நான் பொறந்தேன்னு ஒரு தடவை படிப்பை நிறுத்தினே. இப்போ என் கல்யாணத்துக்காக இன்னொரு தடவையா? டார்ச்சை எடும்மா. உன்னை மர்பி டவுன்ல விட்டுட்டு வரேன்."