லைன் கிளியர்

பாட்டிலின் கழுத்தில் ராஜாங்கம் ஒரு சிவப்பு அட்டையை மாட்டினான்.

மேஜையைச் சுற்றி நின்ற ஐந்து பேரும் சிரித்தார்கள்.

எல்லோரும் சுரங்கத்தில் அவனோடு கன்வேயர் பெல்ட்டுக்கு மின்வேலை பார்ப்பவர்கள். அவர்களில் நான்கு பேர் காலை ஷிப்ட் முடிந்து, யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் முத்தாண்டிக்குப்பத்திலிருக்கும் அவன் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பதினோரு வருடம் கான்ட்ராக்டில் கிடந்தவனுக்கு நேற்றுத்தான் பர்மனென்ட் ஆர்டர் வந்திருந்தது. ஆர்டர் வந்தவன் ட்ரீட் வைக்க வேண்டும். ராஜாங்கம் பலாப்பழம் அறுத்து வைத்திருந்தான்.

“பலாச்சுளைக்கா பத்து கிலோமீட்டரு சைக்கிள மிதிச்சிக்கினு வந்தோம்?” என்றார் கலியமூர்த்தி.

பாட்டில் பாண்டிச்சேரி பிராந்தி. வாங்கி வந்தவர் கிளமென்ட், ஐவரில் மூத்தவர். அன்று அவருக்கு வார விடுமுறை. மதியமே கொஞ்சம் போட்டிருந்தார்.

“மொத கிளாஸ் உனக்குத்தான்டா தம்பி. ஒண்ணே ஒண்ணு.”

சிவப்பு அட்டை என்றால் என்னவென்று அந்த ஐவருக்கும் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

பெல்ட்டை ஓட்டும் மோட்டாரிலோ கேபிளிலோ ஒருவர் கை வைப்பதற்கு முன் சப்ஸ்டேஷனில் ‘லைன் கிளியர்’ வாங்க வேண்டும். அங்கே இருக்கும் ஆபரேட்டர் மின்சாரத்தை நிறுத்துவார். நிறுத்திய சுவிட்சில் சிவப்பு அட்டையை மாட்டுவார். வேலைக்குப் போகிறவரின் பெயர் அதில் இருக்கும். அப்புறம் அந்தச் சுவிட்ச் அந்தப் பெயருக்குத்தான் சொந்தம். பெல்ட் நின்றால் நிலக்கரி நிற்கும். அனல்மின் நிலையத்திலிருந்து போன் மேல் போன் வரும். பெரிய இன்ஜினியரே வந்து கத்தினாலும் அட்டையைத் தொடக்கூடாது. பெயருக்குரியவர் வேலையை முடித்து, தானே நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் அது இறங்கும். இதை ‘ரிட்டர்ன்’ என்பார்கள். குடித்துவிட்டு வருகிறவரிடம் ரிட்டர்ன் வாங்கக்கூடாது.

இதில் அழகு என்னவென்றால், அட்டை எதையும் பூட்டுவதில்லை. வெறும் நூல். சுண்டுவிரலால் அறுக்கலாம். இத்தனை வருடத்தில் யாரும் அறுத்ததில்லை.

ராஜாங்கம் மாட்டியது கம்பெனி அட்டைகூட இல்லை. பழைய காலண்டர் அட்டையை வெட்டிச் சிவப்பு மை பூசியது. எழுத்து இருந்த பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டிருந்தான்.

“உன் கார்டுதான? நீயே எடுத்துடு. ஊத்துவோம்,” என்றார் கலியமூர்த்தி.

“என்னால எடுக்க முடியாதுங்க.”

“அடேயப்பா, ஆபரேட்டரு பேசறாரு! பொண்டாட்டி மந்திரிச்சி வுட்டிருக்காடா இவன.”

சமையலறையில் அவன் மனைவி அமிர்தம் டீ ஆற்றும் சத்தம் நின்றது.

ராஜாங்கத்துக்கு நாக்கு ஊறியது. அதை மறைப்பதில் பயனில்லை. விட்டு நாற்பத்தொரு நாள் ஆகிறது. இன்னமும் மூடி திருகும் சத்தம் கேட்டால் உடம்பு முழுக்கக் காதாகிவிடும். பர்மனென்ட் பட்டியலில் போன வருடமே அவன் பெயர் இருந்தது. போதையோடு சுவிட்ச் பேனல் அறையில் போய் நின்றான், பெயரை அடித்துவிட்டார்கள். முதல் கிளாஸைத்தான் அவனால் வேண்டாம் என்று சொல்ல முடியும். இரண்டாவதைச் சொல்ல முடியாது.

“ஆமாங்க, மந்திரிச்சித்தான் வுட்டிருக்கா. அதுவும் பர்மனென்ட்டா,” என்றான். “சுளைய எடுத்துக்குங்க. இல்லன்னா சைக்கிள எடுத்துக்குங்க.”

யாரோ விசில் அடித்தார்கள்.

கிளமென்ட் முன்னால் வந்தார். “இருபத்தஞ்சு வருஷமா கார்டு மாட்டறவன்டா நான். எனக்கே லைன் கிளியர் காட்டறியா? நகரு.”

ராஜாங்கம் நகரவில்லை. மற்ற நால்வருக்கும் முதுகு தெரிய நின்று, கிளமென்ட் மட்டும் பார்க்கும்படி அட்டையைத் திருப்பினான்.

கிளமென்ட்டின் கை பாதியில் நின்றது.

வியாழக்கிழமை மாலைகளில் சர்ச்சுக்குப் பின்னால் உள்ள அறையில் ஒரு கூட்டம் நடக்கும். குடியை விட்டவர்கள், விடப் பார்ப்பவர்கள். யார் வருகிறார்கள் என்பதை வெளியே சொல்லக்கூடாது. அங்கே ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தவர் ஒரு எலக்ட்ரீஷியன். தன் பெயரைத் தானே எழுதி வைத்துக்கொண்டால் தானே எடுத்துவிடலாம் அல்லவா? அதனால் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, என் பெயர் உன்னிடம், உன் பெயர் என்னிடம் என்று அட்டையை மாற்றிக்கொண்டார்கள்.

அட்டையில் நாற்பத்தொரு நாளுக்கு முந்தைய தேதி இருந்தது. அதன் கீழே, நடுங்காத எழுத்தில், கிளமென்ட் என்று இருந்தது.

மூன்று வியாழனாக அவருடைய நாற்காலி காலி.

“என் பேருதான,” என்றார் கிளமென்ட். குரல் அவருக்கே கேட்டிருக்காது. “அப்ப நான் எடுக்கலாம்.”

“நிதானத்துல வந்து கேளுங்கண்ணே. இப்ப உங்ககிட்ட ரிட்டர்ன் வாங்க மாட்டேன்.”

“என்னாங்கடா அங்க குசுகுசுன்னு?” கலியமூர்த்தியின் குரல்.

ராஜாங்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

“என் பேரு போட்ட கார்டு உங்க வூட்ல இருக்குதுங்கண்ணே,” என்றான். “அதுல நான் இன்னும் கையெழுத்துப் போடல. போடவும் மாட்டேன்.”