நடுப்புள்ளி

"இந்த ஒரு புள்ளியைத் தூக்கிட்டா போதும், ரெண்டு கோஷ்டியும் கூண்டோட காலி!" கணினித் திரையில் விரலை ஊன்றினார் இன்ஸ்பெக்டர்.

திரையில் நூற்றுச் சொச்சம் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு செல்போன் எண். யார் யாரோடு பேசினார்களோ அவர்களுக்கு நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் மார்க்கெட் 'மீசை'யின் ஆட்கள். வலப்பக்கம் பாலத்தடி 'ஊமை'யின் ஆட்கள். போன மாதம் மட்டும் இவர்களுக்குள் மூன்று வெட்டு. இரண்டு கூட்டத்தையும் தொட்டுக்கொண்டு நடுவில் நின்றது ஒரே ஒரு புள்ளி.

அந்த வரைபடத்தைப் போட்டவள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரி. ஸ்டேஷன் அவளுக்கு வைத்த பெயர் புள்ளிக்காரி.

"அவசரப்படாதீங்க சார். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மீசைக்கு ஒரு நிமிஷம், அடுத்து ஊமைக்கு ஒரு நிமிஷம். அதோட சரி."

"உத்தரவு போட ஒரு நிமிஷம் போதாதா? ஊமையையே பேச வைக்கிறான்னா லேசுப்பட்ட ஆளா? சிம் யார் பேர்ல?"

"செத்துப்போன ஒருத்தர் பேர்ல."

"பாத்தியா! பழம் தின்னு கொட்டை போட்டவன்."

"ஆனா சார், போன மாசம் மூணு நாள் இந்த போன் பேசவே இல்ல. மூணு வெட்டும் அந்த மூணு நாள்லதான் விழுந்திருக்கு."

"வெட்டச் சொல்லிட்டுப் பதுங்கியிருப்பான்."

"எனக்கென்னவோ தலைகீழாத் தோணுது."

"உனக்குத் தோணுறதுக்குள்ள நான் லைனையே கட் பண்ணச் சொல்லிட்டேன். மத்தியானத்துலருந்து அந்த நம்பர் செத்துப்போச்சு. கிளம்பு, ஆளை அமுக்கிடலாம்."

புள்ளிக்காரி மணியைப் பார்த்தாள்; ஆறாக அரை மணிதான் இருந்தது.

டவர் தினமும் காட்டிய இடம், பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம். உள்ளே ஆவியும் சோடா வாசனையும். மலைபோல் குவிந்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவே ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி, ஈரக் கையோடு ஒரு பழைய போனின் பட்டன்களை மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்த நம்பர் யாருது?" இன்ஸ்பெக்டர் எண்ணைச் சொன்னார்.

"என்னுதுதான் சார். வீட்டுக்காரர் போனப்புறம் நான் வச்சிருக்கேன். மத்தியானத்துலருந்து லைனே போகமாட்டேங்குது. மணி ஆறாயிடுச்சு, கொஞ்சம் பார்த்துக் குடுங்க சார்." போனை நீட்டினாள்.

"நடிக்காத. மீசைக்கும் ஊமைக்கும் தினமும் என்ன உத்தரவு போடுற?"

"உத்தரவா? போன மாசம் ஜுரத்துல மூணு நாள் நினைவில்லாமக் கிடந்தேன் சார். மூணு நாளும் வெட்டிக்கிட்டாங்க. இன்னிக்கும் நான் பேசலன்னா..." நீட்டிய போனை இழுத்து மறுபடியும் பட்டனை அமுக்கினாள்.

"அவனுங்க வெட்டிக்கிட்டா உனக்கென்ன?"

"அப்பன்தான் வேற வேற சார், ரெண்டு பேரும் நான் பெத்த பிள்ளைங்க. 'இன்னிக்கு ஒரு நாள் அவனை விட்டுருடா'ன்னு தினமும் ரெண்டு பேர்கிட்டயும் கெஞ்சிட்டுத்தான் போனை வைப்பேன்."

இன்ஸ்பெக்டர் தன் செல்போனை அவசரமாக எடுத்து அவள் ஈரக் கையில் வைத்தார். "சீக்கிரம்... முதல்ல பெரியவனுக்குப் போடுங்கம்மா."